மலரில் ஓல்ட் போதகர்: அச்சுக்கு முன் இரண்டு திருத்தங்கள்

ஊரவர் எல்லோருக்கும் வணக்கம்.

சங்க மலருக்காகத் தம்பிமார் சுற்றுக்கு விட்ட கட்டுரையை நேற்றிரவு வாசித்தேன். நல்ல எழுத்து. ஆனால் நம்ம மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட்டைப் பற்றிய பந்தி அப்படியே அச்சுக்குப் போகக்கூடாது. "துணைவியாருடன் மட்டக்களப்பில் வந்திறங்கிப் பல்லாண்டு கல்விப்பணி ஆற்றினார்" என்று இருக்கிறது. இரண்டுமே பிழை.

1813 கடைசியில் இங்கிலாந்தில் கப்பலேறும்போது மனைவி கூட இருந்தது உண்மை. அந்த அம்மா வழியிலேயே இறந்துபோனார். அந்தப் போதகர் கூட்டத்துக்குத் தலைவராகப் புறப்பட்ட தோமஸ் கோக்கும் 1814 மே 3இல் நடுக்கடலில் இறந்தார். ஜூன் 29இல் காலியில் கரையேறியவர்கள் ஊர்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு இருவர் போனார்கள். மட்டக்களப்புக்கு ஓல்ட் ஒருவர்தான்.

1815 ஏப்ரல் 1இல் அவரும் இறந்துபோனார். கண்டி இராச்சியம் வெள்ளைக்காரர் கைக்குப் போய் அப்போது ஒரு மாதம்தான். ஆக, நம்மூரில் அவர் இருந்தது ஏறத்தாழ எட்டு மாதம். அதற்குள் எட்டுப் பள்ளிக்கூடங்கள் என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814 என்று எழுதுவதும் இவரை வைத்துத்தான்.

மதம் பரப்ப வந்தவர்தானே என்று இங்கே ஒருவர் முன்பு கேட்டிருந்தார். ஆம், அதற்கும்தான் வந்தார். மலரில் அதை மறைக்க வேண்டாம். ஆனால் மிஷன் பள்ளியில் படித்தவரெல்லாம் மதம் மாறிவிடவில்லை. காரைதீவு மயில்வாகனம் கல்முனை மெதடிஸ்த பள்ளியிலும் புனித மைக்கேல் கல்லூரியிலும் படித்தவர். அவர்தான் பிறகு காவி உடுத்து விபுலாநந்த அடிகள் ஆனார்.

நான் ஒஸ்லோவுக்கு வந்து எட்டாம் மாதத்திலும் பாண்கடையில் விரலால்தான் காட்டிக்கொண்டிருந்தேன். கடைக்காரப் பெண் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் கேட்பாள்; சரியான பாண் வரும்வரை நான் தலையாட்டுவேன். எனக்கு மனைவி பக்கத்தில் இருந்தாள், பேசித் தீர்க்க ஊர்க்காரர் நாலு பேரும் இருந்தார்கள்.

பல்லாண்டு என்று போட்டால் மனிதருக்குப் பெருமை கூடும் என்று நினைத்திருப்பீர்கள். குறைகிறது, தம்பி. வாவிக்கரையில் இருக்கும் ஓல்ட் சிலையின் படத்துக்குக் கீழே 1814–1815 என்று மட்டும் போடுங்கள்.

மற்றப் பக்கங்களை ஞாயிறுக்குள் பார்த்து அனுப்புகிறேன். ஒற்றுப்பிழை கொஞ்சம் கிடக்கிறது.

ஒஸ்லோவிலிருந்து,
கோட்டைமுனைக்காரன்