ராமநாதபுரம் கரையில் மாடல் போர்க்கப்பல் கிளப்: எந்த ஸ்கேல், எந்தத் தண்ணீர்?

உச்சிப்புளி பையன்:

எல்லோருக்கும் வணக்கம். ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஹெலிகாப்டர் சத்தத்திலேயே வளர்ந்தவர்கள் நாங்கள். கடற்படைக் கப்பல் என்றால் எங்கள் செட்டுக்கு உயிர். படிக்கிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களுமாகச் சேர்ந்து ஒரு கிளப் ஆரம்பித்திருக்கிறோம். இதுவரை பிளாஸ்டிக் கிட் ஒட்டினோம். இனி ரிமோட்டில் ஓடுகிற கப்பலைச் சொந்தமாகக் கட்டணும்.

இப்போதே பஞ்சாயத்து வந்துவிட்டது. ஒருவன் 1/350 ஸ்கேல் (அசல் கப்பலில் 350-ல் ஒரு பங்கு) என்கிறான், இன்னொருவன் 1/72 என்கிறான். பாதிப் பேருக்கு நீர்மூழ்கிதான் வேண்டுமாம். விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிற ஐ.என்.எஸ். குர்சுராவை உள்ளே போய்ப் பார்த்து ஒருவன் ஏகப்பட்ட போட்டோ எடுத்து வந்திருக்கிறான், அதனால்தான் இந்தப் பிடிவாதம். கடல் வாசலிலேயே இருக்கிறது. வடகடல் (பாக் விரிகுடாப் பக்கம்) அலையில்லாமல் கிடக்கிற மாதங்களில் அங்கேயே நீர்மூழ்கியை விடலாமா? ஹல்லை, அதாவது கப்பலின் உடற்கூட்டை, எதில் செய்வது? தெர்மோகோலில் செதுக்கி மேலே ஃபைபர் போடலாம் என்று நினைத்தோம்.

தங்கச்சிமடம் ஃபைபர்:

தம்பி, ஹல் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றது எனக்குத் தெரியாது. தெர்மோகோல் மேல் நம் படகு ரெசினை நேராகத் தடவாதே. படகுக்குப் போடுவது பாலியெஸ்டர் ரெசின். அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். எபாக்ஸி என்றால் கரைக்காது, ஆனால் விலை கூட. மரத்தில் பிளக் (ஹல்லின் மாதிரி உருவம்) செதுக்கி, பட்டி பார்த்து, மெழுகு போட்டு மோல்டு எடுத்துவிடு. ஒரு மோல்டு இருந்தால் கிளப்பில் ஆளுக்கொரு ஹல் எடுத்துக்கொள்ளலாம். படகுக்குப் போடுகிற 450 மேட் (கண்ணாடி இழை விரிப்பு) உனக்கு ரொம்பத் தடிமன், 300 மேட் போதும்.

இதைக் கிளப்பில் எல்லோருக்கும் சொல்லிவிடு: ரெசினை இறுக வைக்கச் சேர்க்கிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருநாளும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். கண்ணாடி மாட்டாமல் கேட்டலிஸ்ட் பாட்டிலைத் தொடாதே, கண்ணில் பட்டால் பார்வையே போகும். காலை வெயில் ஏறுவதற்குள் வேலையை முடி. மதியம் கலக்கினால் பிரஷ்ஷை எடுப்பதற்குள் மக்கில் இறுகிவிடும்.

கீழக்கரை எஞ்சின்ரூம்:

தம்பி, நான் சரக்குக் கப்பல் எஞ்சின்ரூமில் காலம் தள்ளியவன். ஊருக்கு வந்தபிறகு கைவேலை இதுதான்.

முதலில் ஸ்கேல். கண்ணை மூடிக்கொண்டு 1/100 எடுங்கள். கப்பலின் ஒரு மீட்டர் உங்களுக்கு ஒரு சென்டிமீட்டர். எடையில் இன்னும் வசதி. நீளம், அகலம், ஆழம் மூன்றும் நூறில் ஒன்றாகச் சுருங்குவதால் எடை பத்து லட்சத்தில் ஒன்று ஆகிறது. அதாவது கப்பலின் ஒரு டன் உங்கள் மேசையில் ஒரு கிராம். எந்தப் போர்க்கப்பலின் விவரத்தைப் புரட்டினாலும் டன் கணக்கு இருக்கும், அதை அப்படியே கிராமாகப் படித்துத் தராசில் வைத்துவிடலாம். எட்டாம் வகுப்புப் பையனும் கணக்குப் போடுவான், கிளப்புக்கு அதுதான் முக்கியம்.

குர்சுரா 91.3 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலம். மாடல் ஒரு மீட்டருக்குள் அடங்கும், பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோகலாம். புது விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் கட்டுவோம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். 262 மீட்டர், ஏறத்தாழ 45,000 டன். மாடலே 45 கிலோ, எட்டரை அடிக்கு மேல்.

இப்போது கடல். நீர்மூழ்கியைக் கடலில் விடவே கூடாது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் ரேடியோ அலையை விழுங்கிவிடும். இப்போது கடையில் கிடைக்கிற 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் கடல்நீரில் ஒரு சென்டிமீட்டர்கூட ஒழுங்காக இறங்காது. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் செட்டுக்கே அஞ்சு சென்டிமீட்டரில் மூச்சு முட்டும். மாடல் முங்கின மறு நொடி உங்கள் கையில் இருப்பது வெறும் டப்பா. நல்ல தண்ணீரில் அதே 27 மெகாஹெர்ட்ஸ் ஒரு மீட்டருக்கு மேலும் இறங்கும். ஆகவே ஊருணிதான் உங்கள் கடல். அதிலும் மழை பெய்து நிறைந்த தண்ணீர். கோடையில் வற்றி உவர்ப்பு ஏறின தண்ணீரில் ரேடியோ மறுபடி படுத்துவிடும். ஆடிக் காற்றில் பட்டறை வேலை பாருங்கள், வாடை மழை முடிந்து தை, மாசியில் தண்ணீரில் இறக்குங்கள்.

இன்னொன்று. இந்தக் கரையில் நீர்மூழ்கி உருவத்தில் எது மிதந்தாலும் கடலோரக் காவல் போலீஸ் வந்து கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அவர்களுக்கு இருக்கிற வேலை போதும்.

குர்சுரா மேலே மிதக்கும்போது சுமார் 1,950 டன், முங்கினால் 2,475 டன். வித்தியாசம் 525. உங்கள் மாடல் அசல் மாதிரியே நீர்க்கோட்டில் நின்று, அசல் மாதிரியே முங்கணும் என்றால் வயிற்றுக்குள் அரை லிட்டருக்கு மேல் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளுகிற டாங்க் வேண்டும். அது முதல் வருஷ வேலையில்லை. முதலில் ஓடி முங்குகிற வகையைக் கட்டுங்கள். முதுகு மட்டும் லேசாக வெளியே தெரிகிற அளவுக்கு எடையை ஏற்றிவிடுங்கள். மோட்டார் ஓடும்போது முன்பக்கச் செட்டையைச் சாய்த்தால் மூக்கை இறக்கி முங்கும். மோட்டார் நின்றாலோ ரேடியோ போனாலோ தானாக மேலே வந்துவிடும். ஹல் முழுக்கத் தண்ணீர் புகுந்தாலும் பரவாயில்லை. உள்ளே ஒரு அக்ரிலிக் குழாய் மட்டும் காய்ந்திருந்தால் போதும், பேட்டரி, மோட்டார், ரிசீவர் எல்லாம் அதற்குள். இரண்டு முனைக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வைத்த மூடி. பி.வி.சி.யைவிட அக்ரிலிக் நல்லது, ஒரு சொட்டு கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

குர்சுரா போட்டோவில் மேல்தளத்துக்குக் கீழே வரிசையாக ஓட்டைகள் இருக்கும், பாருங்கள். அதைப் பெயின்டில் வரைந்து விட்டுவிடாமல் நிஜமாகவே துளையுங்கள். உள்ளே சிக்கின காற்று அஞ்சு மில்லி இருந்தால் அஞ்சு கிராம் தூக்கும், பின்பக்கம் சிக்கினால் வால் மேலே நிற்கும். தொட்டியில் வைத்து மெதுவாகச் சாய்த்து, குமிழி நிற்கிற வரை ஆட்டிவிட்டு அப்புறம்தான் ஈயத்தை ஒட்டணும். ஈயம் எப்போதும் அடியில், காற்றும் தக்கையும் மேலே.

உச்சிப்புளி பையன்:

எஞ்சின்ரூம் காக்கா (அண்ணா), ரொம்ப நன்றி. ஒரு டன் ஒரு கிராம் என்றதும் 1/72 கேட்டவனே அமைதியாகிவிட்டான். எடைக்கு வலையில் கட்டுகிற ஈயக்குண்டு போதுமா? ஊருணியில் பழகிவிட்டுப் பிற்பாடு கடல்நீரில் மிதக்கவாவது விடலாமா?

தேவிபட்டினம் டீச்சர்:

தம்பி, ஈயக்குண்டு என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சின்னப் பிள்ளைகள் கையில் ஈயத்தைக் கொடுக்காதீர்கள். பெரியவர்கள் எடுத்து ரெசினுக்குள் புதைத்து மூடிவிடுங்கள், கை கழுவாமல் யாரும் சாப்பிடக் கூடாது. சில ஊர்களில் ஊருணித் தண்ணீரைத்தான் இன்னமும் குடிக்கிறார்கள். குடிக்கிற ஊருணியில் கிரீஸ் பூசின ஷாஃப்ட்டோடு எதையும் இறக்க வேண்டாம். குளிக்க, மாடு குளிப்பாட்ட என்று தனியாக இருக்கிற ஊருணியாகப் பார்த்து, பஞ்சாயத்தில் கேட்டுவிட்டு இறக்குங்கள். நீச்சல் தெரிந்த ஒருவர் கரையில் கட்டாயம் நிற்கணும். மாடல் நடுவில் நின்றுவிட்டால் பிள்ளைகள் யோசிக்காமல் குதித்துவிடுவார்கள்.

கீழக்கரை எஞ்சின்ரூம்:

டீச்சர் சொன்னதை அப்படியே கேளுங்கள்.

கடல்நீர் ஊருணி நீரைவிட இரண்டரை சதவீதம் கனம். ஊருணியில் சரிபார்த்த குர்சுரா அங்கே 60 கிராம் கூடுதலாக மிதக்கும், முங்கவே முங்காது. மேலே ஓடுகிற கப்பலுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஒரு நூல் உயரும், அவ்வளவுதான்.

அதனால்தான் ஒன்று கேட்கிறேன். நீர்மூழ்கிக்கு முன்னால் கிளப் மொத்தமும் சேர்ந்து ஒரு எம்டன் கட்டுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுக எண்ணெய் டாங்குகளைச் சுட்டுவிட்டுப் போன அதே ஜெர்மன் போர்க்கப்பல். நம் பழைய பாம்பன் பாலம் திறந்ததும் அதே வருஷம். 118 மீட்டர், 13.5 மீட்டர் அகலம், பத்து பீரங்கி, மூன்று புகைபோக்கி. ஹல் ஒருவர், மின்வேலை ஒருவர், பீரங்கி ஆளுக்கொன்று என்று பிரித்துக் கொடுக்கலாம். அசல் வேகம் 23.5 நாட். இந்த ஸ்கேலில் வேகத்தை நூறால் அல்ல, அதன் வர்க்கமூலமான பத்தால் வகுக்கணும், நொடிக்கு 1.2 மீட்டர், கரையில் ஒருவர் நடக்கிற வேகம். அதற்கு மேல் விரட்டினால் பொம்மை மாதிரி ஆகிவிடும்.

புகைபோக்கியை மட்டும் நாலாகச் செய்யுங்கள். பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழையும்போது ஆங்கிலேயக் கப்பல் என்று நம்பவைக்க எம்டனில் பொய்யாக ஒரு நாலாவது புகைபோக்கி ஏற்றினார்கள். உங்களுடையதைக் கழற்றி மாட்டுகிற மாதிரி காந்தம் வைத்து, மெல்லிய அட்டையில் செய்யுங்கள். அகலம் குறைந்த ஹல், உச்சியில் எடை ஏறினால் திரும்பும்போது சாய்ந்துவிடும்.