அனார்க்கி என்றால் கலவரமா, ஆட்சி இல்லாத நிலையா?

தெருமுனை:
அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செய்தித்தாளில் பேருந்துக் கண்ணாடியை உடைத்தாலும் 'அராஜகம்' (ஆங்கிலத்தில் அனார்க்கி) என்கிறார்கள், பாடத்தில் புரூதோன், பக்குனின், குரோபோட்கின் என்று பெரிய பெரிய ஆட்கள் வாழ்நாள் முழுக்க யோசித்து எழுதிய தத்துவத்துக்கும் 'அராஜகவாதம்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? தொடக்கத்திலேயே இது வசைச்சொல்தானா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பழைய ஏடு:
கிரேக்கத்தில் 'ஆர்க்கோஸ்' என்றால் தலைவன், முன்னால் 'அன்' சேர்ந்தால் இல்லை என்று பொருள். ஆக, 'அனார்க்கியா' என்பது தலைவன் இல்லாத நிலை, அவ்வளவுதான். ஏதென்ஸ் நகரத்தில் ஆர்க்கான் என்று ஒரு பதவி இருந்தது, அந்த ஆண்டு யார் ஆர்க்கானோ அவர் பெயரில்தான் ஆண்டையே குறிப்பிடுவார்கள். கி.மு. 404இல் ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் தோற்றதும் முப்பது பேர் ஸ்பார்ட்டாவின் துணையோடு ஆட்சியைப் பிடித்தார்கள். ஊரில் எத்தனையோ பேரைக் கொன்றார்கள், சொத்துகளைப் பிடுங்கினார்கள். அப்போது ஆர்க்கானாக இருந்தவர் பித்தோடோரஸ். மக்களாட்சி திரும்பியதும் ஏதென்ஸ்காரர்கள் அவர் பெயரை ஏற்கவே இல்லை, அந்த ஆண்டை 'அனார்க்கியா' என்றே குறித்தார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் செனபோன் இதை எழுதி வைத்திருக்கிறார். கவனித்துப் பாருங்கள், அந்த ஆண்டு ஆட்சி இல்லாமல் போகவில்லை, கொடூரமான ஆட்சி நடந்தது. அதை ஆட்சி என்று ஒப்புக்கொள்ள மக்கள் மறுத்தார்கள்.

வசையாகவும் அப்போதே உண்டு. சோஃபக்கிளீஸின் 'ஆன்டிகோனி' நாடகத்தில் அனார்க்கியாவை விடப் பெரிய தீமை இல்லை என்று ஒருவன் சொல்கிறான், ஆனால் சொல்கிறவன் யார்? தன் ஆணையை மீறிய பெண்ணைத் தண்டிக்கத் துடிக்கும் அரசன் கிரேயோன்!

அச்சுக்கூடம்:
மேலே சொன்னது சரி. ஆனால் உங்கள் கேள்விக்கு முக்கியமான இடம் 1840தான்.

அதற்கு முன் பிரெஞ்சுப் புரட்சியில் எதிரியைத் திட்ட இந்தச் சொல்லைத்தான் எடுத்தார்கள். 1793இல் புரட்சித் தலைவர்களில் ஒருவரான பிரிஸ்ஸோ தன்னைவிடத் தீவிரமானவர்களை எல்லாம் அனார்க்கிஸ்டுகள் என்று தாக்கினார். யாரும் தன்னைத்தானே அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. பெசான்சோன் ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து அச்சுக்கூடத்தில் வேலை பார்த்த புரூதோன்தான் 1840இல் 'சொத்து என்றால் என்ன?' நூலில் அதைத் துணிந்து ஏற்றுக்கொண்டார். அந்த இடம் ஒரு உரையாடல் மாதிரி வரும். நீ குடியரசுவாதியா, ஜனநாயகவாதியா, மன்னராட்சிக்காரனா என்று ஒருவன் கேட்டுக்கொண்டே போவான், குடியரசுவாதி என்பதற்கு மட்டும் ஆமாம், ஆனால் அந்தச் சொல் எதையும் தெளிவாகக் குறிக்கவில்லை என்பார், மற்றதற்கெல்லாம் மறுப்பு, அப்புறம் நீ யார்தான் என்றால் நான் அனார்க்கிஸ்ட் என்பார். கிண்டல் செய்கிறாய் என்று கேட்டவன் சொல்ல, இல்லை, இது நன்றாக யோசித்துச் சொன்ன என் கொள்கை, நான் ஒழுங்கை உறுதியாக விரும்புகிறவன், ஆனாலும் முழுப் பொருளில் அனார்க்கிஸ்ட் என்று பதில் வரும். ஒழுங்கு மேலே இருந்து ஆணையிட்டு வருவதில்லை, சமமானவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில் இருந்து வளர்வது என்பது அவர் வாதம். எனக்கு இது இன்றும் பெரிய வாதமாகத்தான் தெரிகிறது. ஆனால் அதே புரூதோன் வேறு இடங்களில் குழப்பம் என்ற பழைய பொருளிலும் அதே சொல்லை எழுதியிருக்கிறார், அதனால் குழப்பத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

மே மாதம்:
வெடிகுண்டை விட்டுவிட்டீர்களே. 1886 மே 4, சிகாகோ ஹேமார்க்கெட்டில் தொழிலாளர் கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் வந்தபோது குண்டு விழுந்தது. வீசியது யார் என்று கடைசிவரை நிரூபணமாகவில்லை. இருந்தும் எட்டு அனார்க்கிஸ்டுகளைக் குற்றவாளிகள் என்றார்கள், 1887 நவம்பரில் நால்வரைத் தூக்கிலிட்டார்கள். சிறையில் மிஞ்சியிருந்த மூவரை 1893இல் ஆளுநர் ஆல்ட்கெல்ட் விடுவித்தபோது விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். இன்னொரு பக்கம், 1894இல் பிரெஞ்சு அதிபர் கார்னோ, 1901இல் அமெரிக்க அதிபர் மெக்கின்லி இருவரையும் கொன்றது அனார்க்கிஸ்டுகள்தான், அதை மறைக்கக் கூடாது. 1903இல் அனார்க்கிஸ்டுகள் உள்ளே வரவே கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது.

இங்கேயும் பாருங்கள், ரௌலட் சட்டம் என்று நாம் சொல்வதன் முழுப் பெயர் 'அராஜக, புரட்சிக் குற்றங்கள் சட்டம், 1919'. நாட்டு விடுதலை கேட்டவர்களுக்கும் அதே முத்திரை.

தெருமுனை:
மிக்க நன்றி. அப்படியானால் நம் 'அராஜகம்' இதன் மொழிபெயர்ப்பா?

பழைய ஏடு:
இல்லை, சமஸ்கிருதத்திலிருந்து வந்தது, தனியான பழைய சொல். அரசன் இல்லாத நாட்டில் பெரிய மீன் சிறிய மீனைத் தின்பது போல வலியவன் எளியவனை விழுங்குவான் என்று மகாபாரத சாந்தி பர்வத்தில் வரும். அந்தப் பயம் சொல்லிலேயே ஊறிப்போயிருக்கிறது. அதனால் தத்துவத்தைப் பற்றி எழுதும்போது நான் 'அரசின்மைக் கொள்கை' என்றே எழுதுகிறேன்.

அச்சுக்கூடம்:
எனக்கு அதில் உடன்பாடில்லை. புரூதோன் வசையை வசையாகவே எடுத்துத்தான் நிமிர்ந்து நின்றார், நாம் ஏன் மென்மையாக்க வேண்டும்? தம்பி, தேர்வுக்கு எழுதுவதானால் உங்கள் பாடத்தில் உள்ளதையே எழுதுங்கள். படிக்க விரும்பினால், குரோபோட்கின் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 11ஆம் பதிப்புக்கு எழுதிய கட்டுரையில் தொடங்குங்கள். சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யாவையும் தேடிப் பாருங்கள். 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், பிறகு அதை விட்டு அனார்க்கிஸ்டாகவே கடைசிவரை இருந்தார்.