அம்மா தனியாக இருக்கிறார், ஆள் வைக்கவும் விடமாட்டேன் என்கிறார். என்ன ஏற்பாடு செய்யலாம்?

கிள்ளான்_மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 74 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்க ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இப்போது டவுனை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) தனியாக இருக்கிறார். அப்பா இல்லை. நான் கிள்ளானில், தம்பி ஜொகூரில். இனிப்பு நீர், பிரஷர் இரண்டும் உண்டு, முழங்கால் வலி வேறு. சமையல், துணி, கோயில் எல்லாம் தானே பார்த்துக்கொள்கிறார். ஆனால் போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கை நடுங்கி, வியர்த்துக்கொட்டி, பின்வாசலில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி பார்த்துத்தான் எனக்கு போன் செய்தார். தம்பி ஆள் வைக்கலாம் என்கிறான், அம்மாவோ "எனக்கு எதுக்கு ஆளு, நான் என்ன படுத்தா கெடக்கேன்" என்று சண்டைக்கு வருகிறார். அவர் கையிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்க எனக்கும் மனசில்லை. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள அவருக்கு என்னென்ன செய்து கொடுக்கலாம்?

பழைய_மிஸ்ஸி:
தங்கச்சி, நான் பழைய மிஸ்ஸி, அதாவது நர்ஸ். வெள்ளிக்கிழமை என்கிறீர்கள், அம்மா விரதம் இருப்பாரா? அதை முதலில் கேளுங்கள். நடுக்கமும் வியர்வையும் சுகர் இறங்கியதற்கான அடையாளமாக இருக்கலாம். தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் பலர் இன்னமும் விடியும் முன்பே எழுந்து, கோப்பி ஓவோடு (பால் இல்லாத கோப்பி) மாத்திரையைப் போட்டுவிட்டு, ஒன்பது மணிவரை ஒன்றும் சாப்பிடாமல் இருப்பார்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சுகர் அப்படி இறங்குவது அரிது, கிளிக்லசைட் போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இறங்கும். அதற்காக நீங்களாகவே மாத்திரையைக் குறைக்க வேண்டாம். கிளினிக்கில் "எங்கம்மா வெள்ளிக்கிழமை விரதம்" என்று சொல்லுங்கள், அவர்களே மாற்றிக் கொடுப்பார்கள்.

அதுவரை அம்மாவுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். நடுக்கம் வந்தால் சுகர் மெஷினில் பார்க்க வேண்டும், 4-க்குக் கீழே (நம் மெஷினில் காட்டும் mmol/L கணக்கு) இருந்தால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறியதும் சாப்பாடு. மெஷின் கையில் இல்லையென்றால் தேட வேண்டாம், சீனித் தண்ணீரை முதலில் குடிக்கட்டும். பிஸ்கட் போதாது, அது மெதுவாகத்தான் ஏற்றும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 999-க்கு அடித்து ஆம்புலன்ஸ் கூப்பிடணும். இதைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் சொல்லுங்கள்.

மருந்துப் பாக்கெட்டில் எல்லாம் மலாயில் அச்சடித்திருக்கும். அம்மா தமிழ்ப்பள்ளியோடு நின்றவர் என்றால் மார்க்கர் பேனாவால் சூரியன், நிலா படம் போடுங்கள், சாப்பிடும் முன்பா பின்பா என்பதற்கு ஒரு தட்டு வரையுங்கள். ஏழு நாள் மாத்திரை டப்பா வாங்கினால் அவரே ஞாயிற்றுக்கிழமை நிரப்பட்டும், நீங்கள் வீடியோ காலில் பார்த்தால் போதும். மருந்து எடுக்க வரிசையில் நிற்பது கஷ்டமென்றால் அரசாங்கக் கிளினிக் ஃபார்மசியில் தபாலில் அனுப்பும் வசதி உண்டா என்று கேளுங்கள்.

அப்புறம் கால். இனிப்பு நீர் இருப்பவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறையும், புண் வந்தாலும் தெரியாது. தினமும் குளித்த பிறகு விரல் இடுக்கைத் துடைத்துவிட்டு, தரையில் ஒரு கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கட்டும். முழங்கால் வலிக்குச் சுடுதண்ணீரில் காலை வைப்பது நம் ஆட்களின் பழக்கம், வெந்துபோனதே தெரியாமல் கொப்பளம் போட்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாப்பா_பையன்:
கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா. 74 வயசு அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு மாத்திரை டப்பா, கண்ணாடி என்று பேசுவது சரியாகப் படவில்லை. உங்களில் ஒருவர் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளான்_மகள்:
தம்பி, கூட்டி வந்தோம். ஃப்ளாட்டில் ஒன்பதாவது மாடி, நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம், அவர் நாள் முழுக்க டிவி முன்னால். நடை இல்லை, பேச்சுத் துணை இல்லை, சுகர் ஏறியதுதான் மிச்சம். "என் முருங்கை மரத்துக்கு யாரு தண்ணி ஊத்துவா" என்று கிளம்பிவிட்டார்.
மிஸ்ஸி, நீங்கள் கேட்டது சரிதான், வெள்ளி விரதம் உண்டு. நன்றி.

ரெனோவேஷன்_அண்ணே:
நான் வீட்டு வேலை எடுத்துச் செய்கிறவன், பாத்ரூமைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் பக்கத்துப் பழைய தாமான் வீடுகளில் பாத்ரூம் பின்னால், சிமெண்ட் தரை, தண்ணித் தொட்டி, குந்தும் கக்கூஸ், அதோடு ஒரு படி இறக்கம், இதுதான் அமைப்பு. பாசி பிடித்த தரையைத் தேய்த்துவிட்டு வழுக்காத டைல் போடுங்கள், பட்ஜெட் இல்லையென்றால் சொரசொரப்பான ரப்பர் பாயாவது போடுங்கள். பிடித்து எழ ஸ்டீல் கம்பி, செங்கல் சுவரில் ட்ரில் பண்ணி ஸ்க்ரூ முடுக்கியதாக இருக்கணும். உறிஞ்சி ஒட்டுகிற ரப்பர் கைப்பிடி வாங்கவே வாங்காதீர்கள், ஆள் கனத்துக்குக் கழன்று வந்துவிடும். முழங்கால் வலிக்குக் குந்துவது ஆகாது, கக்கூஸை உடைக்க வேண்டியதில்லை, அதற்கு மேலே வைக்கிற கமோட் நாற்காலி கிடைக்கிறது. குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், வழுக்காத காலோடு. படுக்கையிலிருந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி விளக்கு. தேய்ந்த சிலிப்பரைத் தூக்கிப் போடுங்கள். கம்பி எந்த உயரத்தில் என்று அம்மாவை நிற்க வைத்து அளந்த பிறகு ட்ரில் பண்ணச் சொல்லுங்கள். எத்தனையோ வீட்டில் பிள்ளைகள் உயரத்துக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

முருங்கைக்காய்_71:
என் வயசு 71, நானும் தனியாள்தான், ஊர் பீடோர். என் மகள் தினமும் போன் போட்டு "மருந்து சாப்பிட்டியா, சாப்பிட்டியா" என்று போலீஸ் மாதிரி கேட்பாள், எனக்குப் பொய் சொல்லத்தான் தோன்றும். இப்போது "இன்னிக்கு பிரஷர் ரீடிங் எவ்வளவும்மா" என்கிறாள், நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேன், கூடினால் முந்தின நாள் என்ன தின்றேன் என்று நானே சொல்லிவிடுவேன், பெரும்பாலும் கருவாடுதான். உங்கம்மாவிடமும் அவருக்கு என்ன சிரமம் என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு அரிசி மூட்டையும் கேஸ் தோம்பும் (சிலிண்டர்) தூக்க முடியவில்லை, மற்றதெல்லாம் முடியும், அந்த இரண்டுக்கு மட்டும் மகள் கடையில் சொல்லி வைத்திருக்கிறாள். ஆள் எதற்கு?

கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைக் காலை மாலை செய்யச் சொல்லுங்கள், கிளினிக் ஃபிசியோவில் சொல்லிக் கொடுத்தது. தொடைக்கு வலு வந்தால் விழுவது குறையும். வாரத்தில் சில நாள் முதியோர் நடவடிக்கை மையத்துக்குப் போகிறேன், 'பாவே' என்பார்கள், சமூகநல இலாகாவினுடையது. சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டம்தானே, அந்த மாவட்ட இலாகாவில் கேளுங்கள்.

இன்னொன்று, மூட்டுவலிக்கு ஜாமு (மலாய் நாட்டு மருந்து) என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். ரெண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்படணும், சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், சுகர் எகிறிவிடும். டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லாததைத் தொடவே கூடாது.

கிள்ளான்_மகள்:
பீடோர் அம்மா, உங்கள் பதிலை அப்படியே எங்கம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், "இந்தம்மா சொல்றதுதான் சரி" என்கிறார். அண்ணே, கமோட் நாற்காலி தேடுகிறேன். மிஸ்ஸி, பிரஷர் மெஷின் மணிக்கட்டில் கட்டுவது வாங்கலாமா, கையில் கட்டுவதா?

பழைய_மிஸ்ஸி:
மேல் கையில் கட்டுவதுதான். கைச் சுற்றளவு அளந்துகொண்டு போய் வாங்குங்கள், பட்டை சின்னதாக இருந்தால் கூட்டிக் காட்டும். கோப்பி குடித்து அரைமணி நேரமாவது ஆகியிருக்கணும், 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில், கை நெஞ்சு உயரத்தில், பேசாமல் இரண்டு தடவை எடுத்து எழுதட்டும். வீட்டில் எடுக்கும்போது 135/85-க்கு மேலேயே நாள்கணக்கில் நின்றால் கிளினிக்குக்குப் போகணும். ஒரு நாள் கூடியதற்குப் பதற வேண்டாம். ஆனால் முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கை விழுந்தாலோ மெஷினைத் தேடக்கூடாது, உடனே 999. வீட்டுச் சாவி ஒன்றை ஆன்ட்டியிடம் கொடுத்து வையுங்கள்.