ஒரே டைட்ரேஷன் ரீடிங், நாலு விடை: 368, 369, 370, 369.3321. எதை எழுதுவது?

தேவகோட்டை_கெமிஸ்ட்ரி

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம். ப்ராஜெக்டுக்கு எங்கள் ஊர் போர் தண்ணீரையும் ஊருணித் தண்ணீரையும் எடுத்து ஈடிடிஏ டைட்ரேஷனில் (நிறம் மாறும்வரை ஈடிடிஏ கரைசலை விட்டு, எவ்வளவு ஆனது என்று அளப்பது) கடினத்தன்மை பார்க்கிறோம். போர் தண்ணீர் 50.00 மி.லி. பிப்பெட்டில் எடுத்து, பஃபர், நிறங்காட்டியான எரியோக்ரோம் பிளாக் டி எல்லாம் போட்டு, 0.0100 மோலார் ஈடிடிஏ விட்டதில் ஒயின் சிவப்பு போய் நீலம் வந்தது 18.45 மி.லி.யில். இதுவரை யாருக்கும் சண்டை இல்லை.

கணக்கில்தான் சண்டை. 18.45 × 0.0100 = 0.1845 மில்லிமோல். 0.0100-க்கு மூன்று முக்கிய எண்ணுரு (அளவீட்டில் பொருள் உள்ள இலக்கங்கள்) என்பதால் இங்கேயே மூன்றாகக் குறைக்க வேண்டும் என்று ஒருத்தி 0.185 ஆக்கினாள், கடைசியில் 370 மி.கி./லி. வந்தது. இன்னொருத்தன் 5-க்கு முன்னால் இரட்டை எண் இருந்தால் அப்படியே விட வேண்டும் என்று 0.184 எடுத்தான், அவனுக்கு 368. நான் எதையும் தொடாமல் கடைசிவரை போய் 369 எழுதினேன். நாலாவது ஆள் கால்குலேட்டரில் வந்த 369.3321-ஐ அப்படியே எழுதிவிட்டு, இதுதான் துல்லியம் என்கிறான். நாலு பேரும் புத்தகத்தைக் காட்டுகிறோம். யார் சரி?

காரைக்குடி_வாட்டர்லேப்

369. உங்கள் விடைதான் சரி, காரணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பரிசோதனை லேபில் தினமும் இந்தக் கணக்குத்தான் போடுகிறேன்.

முக்கிய எண்ணுரு விதி கடைசி விடைக்கு. நடுவில் வரும் 0.1845 விடை கிடையாது, விடைக்குப் போகும் வழி. அதைக் கால்குலேட்டரிலேயே விட்டுவிடுங்கள், பேப்பரில் எழுதியே தீர வேண்டும் என்றால் ஒன்றிரண்டு இலக்கம் கூடுதலாக வைத்து எழுதுங்கள். 0.1845 × 100.09 (கால்சியம் கார்பனேட்டின் மோலார் நிறை) ÷ 0.05000 (எடுத்த தண்ணீர், லிட்டரில்) = 369.33, கடைசியில் ஒரே ஒரு தடவை ரவுண்டு பண்ணினால் 369. உங்கள் தோழிக்கும் தோழனுக்கும் வித்தியாசம் எங்கே வந்தது பாருங்கள்: தண்ணீர் ஒன்று, ரீடிங் ஒன்று, நடுவழியில் 5-ஐ மேலே தள்ளியவருக்கு 370, கீழே விட்டவருக்கு 368. கணக்குப் போடும் விதம் விடையை 2 மி.கி. நகர்த்திவிட்டது. தண்ணீருக்கும் அந்த 2 மி.கி.க்கும் சம்பந்தமே இல்லை.

அந்த 369.3321 ஆளிடம் ஒன்று கேளுங்கள். ஈடிடிஏ விடும் அளவுக் குழாயான பியூரெட்டில் கோடு 0.1 மி.லி.க்கு ஒன்றுதான். 18.4 கோட்டுக்கும் 18.5 கோட்டுக்கும் நடுவில் நீர்மட்டத்தின் அடி வளைவு நின்றது, அதைக் கண்ணால் மதிப்பிட்டுத்தான் அந்த 5-ஐ எழுதியிருக்கிறீர்கள். கடைசி இலக்கமே மதிப்பீடு என்னும்போது விடையில் நாலு தசம இடத்துக்கு யார் பொறுப்பு? ஏ கிளாஸ் 50 மி.லி. பியூரெட்டுக்கே ±0.05 மி.லி. பிழை அனுமதி உண்டு. 18.45-ல் 0.05 என்றால் ஏறக்குறைய 0.27 சதவீதம், விடையில் ஒரு மி.கி. இப்படியோ அப்படியோ. ஆக 369-ல் இருக்கும் அந்த 9-லேயே கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது, அதற்குப் பின்னால் வரும் 3321-க்கு அர்த்தமே கிடையாது.

பள்ளத்தூர்_வாத்தியார்

தம்பி சொன்னது ரொம்பச் சரி. ப்ளஸ் ஒன்னில் வருஷக்கணக்காக இந்தப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

பெருக்கல் வகுத்தலுக்கு ஒரு விதி, கூட்டல் கழித்தலுக்கு வேறு விதி. பிள்ளைகள் இரண்டையும் குழப்புவதுதான் நான் அதிகம் பார்த்தது. பெருக்கும்போது குறைந்த முக்கிய எண்ணுரு எதற்கோ, விடைக்கும் அத்தனைதான். கூட்டும்போது தசம இடத்தைப் பார்க்க வேண்டும். அரிசி மூட்டையைக் கிலோக் கணக்கில் நிறுத்துவிட்டு, மேலே ஒரு மோதிரத்தை வைத்து மொத்த எடையை மில்லிகிராமில் சொல்ல முடியுமா? அதேதான். கழித்தலில் இன்னும் கவனம் வேண்டும். எடைக்குப்பி 21.4837 கிராம், உப்பைக் கொட்டிய பிறகு 21.1256 கிராம், வித்தியாசம் 0.3581. ஆறு எண்ணுருவோடு உள்ளே போனீர்கள், நாலோடு வெளியே வருகிறீர்கள். இதை யாரும் குறைக்கவில்லை, கழித்தலிலேயே போய்விட்டது.

இன்னொன்று அந்த 0.0100. அதில் உள்ள கடைசி இரண்டு பூஜ்யமும் சும்மா வந்தவை அல்ல, அளந்து வந்தவை. டைசோடியம் ஈடிடிஏ உப்பு 3.7224 கிராம் அனலிட்டிக்கல் பேலன்ஸில் எடுத்து ஒரு லிட்டர் ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்கில் கரைத்து, கால்சியம் கார்பனேட் வைத்துத் தரப்படுத்தியும் பார்த்திருந்தால் 0.01000 என்றே எழுதலாம், அப்போது விதிப்படி விடை 369.3 ஆகும். பாட்டிலில் யாரோ 0.01 என்று மட்டும் ஒட்டி வைத்திருந்தால் விதிப்படி ஒரே எண்ணுரு, 4 × 10² என்றுதான் எழுத முடியும்! லேபிளில் பூஜ்யத்தைச் சோம்பலில் விட்டால், அந்தப் பாட்டிலை எடுத்து டைட்ரேட் பண்ணுகிற எல்லோருடைய உழைப்பும் வீண்.

1000 மி.லி. = 1 லிட்டர் என்பதில் வரும் 1000-ஐ எண்ணாதீர்கள் அம்மா, அது வரையறை, அதற்கு முடிவில்லாத எண்ணுரு. ஈடிடிஏவும் கால்சியமும் ஒன்றுக்கு ஒன்று சேர்வதில் வரும் அந்த ஒன்றும் அப்படியே.

தேவகோட்டை_கெமிஸ்ட்ரி

ரொம்ப நன்றி ஐயா, நன்றி அண்ணே. நாலாவது ஆள் இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறான். ஆனால் 5 வந்தால் மேலேயா கீழேயா என்ற சண்டை ஓயவில்லை. அப்புறம், ரிப்போர்ட்டில் அரசு வரம்போடு ஒப்பிட்டு எழுத வேண்டும், அதற்கு ஏதாவது விதி உண்டா?

காரைக்குடி_வாட்டர்லேப்

உண்டு, அதுவும் எழுத்திலேயே இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 2 முழுக்க ரவுண்டு பண்ணுவதற்கான விதிகள்தான். சரியாக 5-ல் முடிந்து, அதற்குப் பின்னால் எதுவும் இல்லை என்றால், முந்தைய இலக்கம் இரட்டையாகும்படி விடச் சொல்கிறது. எப்போதும் மேலேயே தள்ளினால் நூற்றுக்கணக்கான ரீடிங்கின் சராசரி மெல்ல மேலே ஏறிவிடும், அதனால் இந்த ஏற்பாடு. 5-க்குப் பின்னால் பூஜ்யமில்லாத எண் ஒன்று இருந்தாலும் மேலேதான், அதில் பேச்சே இல்லை. எக்செல் ரவுண்டு கட்டளை மட்டும் 5-ஐ எப்போதும் மேலே தள்ளும், கவனம். 18.50 என்று அடித்தால் 18.5 என்று காட்டும், செல் ஃபார்மேட்டில் இரண்டு தசமம் வைத்துவிடுங்கள்.

குடிநீருக்கு ஐஎஸ் 10500: கடினத்தன்மை 200 மி.கி./லி. ஏற்கத்தக்க வரம்பு, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை. வரம்பு எத்தனை இலக்கத்தில் தரப்பட்டிருக்கிறதோ, உங்கள் முடிவையும் அதே அளவுக்கு ரவுண்டு பண்ணித்தான் ஒப்பிட வேண்டும் என்று அந்தத் தரநிலையே சொல்கிறது. 369 என்பது 200-ஐத் தாண்டிவிட்டது, 600-க்குள் இருக்கிறது, அவ்வளவுதான் எழுத வேண்டியது.

முலாம்_பட்டறை

நான் மின்முலாம் பக்கம். சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிற ஊரில் இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. தாமிரம் படிய வைக்கும் கணக்கில் பையன்கள் ஃபாரடே மாறிலி (ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம், கூலோமில்) 96500-ஆ 96485-ஆ என்று அரை மணி நேரம் வாதாடுவார்கள். அம்மீட்டரோ 0.50 ஆம்பியர் காட்டுகிறது, இரண்டே எண்ணுரு. 1800 விநாடிக்கு 96485 போட்டால் 0.29637 கிராம், 96500 போட்டால் 0.29633. இரண்டுமே 0.30 கிராம்தான். வாதாடிய நேரத்தில் நல்ல அம்மீட்டர் ஒன்றைத் தேடியிருக்கலாம்.

தேவகோட்டை_கெமிஸ்ட்ரி

கடைசியாக ஒன்று அண்ணே. ஊருணித் தண்ணீருக்கு வெறும் 2.10 மி.லி.தான் ஆனது. கணக்கில் 42.04 வருகிறது. 42.0 என்று எழுதலாமா?

காரைக்குடி_வாட்டர்லேப்

விதிப்படி எழுதலாம், நான் எழுத மாட்டேன். 2.10-ல் 0.05 பிழை என்றால் 2.4 சதவீதம், ஏறக்குறைய 1 மி.கி./லி. அந்த .0-க்கு ஆதாரம் இல்லை, 42 என்று எழுதுங்கள். இன்னும் நன்றாக வேண்டும் என்றால் அதே 50 மி.லி. பிப்பெட்டில் இரண்டு தடவை எடுத்து 100 மி.லி.யாக டைட்ரேட் பண்ணுங்கள், பஃபரையும் இரட்டிப்பாக்குங்கள். ரீடிங் 4.2 பக்கம் வரும், பிழை பாதியாகும். ஊருணியில் மழைத் தண்ணீர் என்பதால் கடினத்தன்மை குறைவாகத்தான் இருக்கும், நீல நிறம் சட்டென்று வந்துவிடும், 3.5 தாண்டியதும் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.