தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்க 60,000 ரூபாய் கட்டலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோபி மருமகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. எனக்கு இது தலைப்பிரசவம், எட்டாம் மாதம் நடக்கிறது. ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். கட்டுச்சோறு விருந்து முடிந்து போன ஞாயிற்றுக்கிழமைதான் அம்மா வீட்டுக்கு வந்தேன்.

அதற்கு முந்தின வாரம் ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஒரு அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வளையல் நன்றாக இருக்கிறது என்றுதான் பேச்சைத் தொடங்கினார். கால் மணி நேரத்தில் என் மடியில் ஒரு விளம்பரப் புத்தகம் இருந்தது. கொடி ரத்தத்தில் ஸ்டெம் செல் (மற்ற செல்களை உருவாக்கும் மூலச் செல்) இருக்கிறது, அதைச் சேமித்தால் ரத்தப் புற்றுநோய், சர்க்கரை, மூளை வளர்ச்சிக் குறைபாடு எல்லாவற்றுக்கும் பிற்காலத்தில் மருந்து, பிறக்கும்போது விட்டால் அப்புறம் கிடைக்காது என்றார். 5,000 முன்பணம், மீதி தவணை. கிளம்பும்போது, “நாளைக்குக் குழந்தைக்கு ஒன்று என்றால், அன்றைக்கே கட்டியிருக்கலாமே என்று அழக்கூடாது பாருங்க” என்றார். அந்த வார்த்தை கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். கடன் வேண்டாம், விலைக்குக் காத்து வைத்திருந்த மஞ்சளைப் போட்டுப் பணம் தருகிறேன் என்று மாமனார் சொல்லிவிட்டார். அத்தையோ, காய்ந்த கொடியை வெள்ளித் தாயத்தில் போட்டு அரைஞாணில் கட்டுகிறோமே, அதுவும் இதுவும் ஒன்றுதானே, காசு எதற்கு என்கிறார். அதே கருத்தில் வாட்ஸ்அப்பிலும் ஒன்று சுற்றுகிறது. பெரியம்மா, ஸ்டெம் செல் என்றாலே கருவை அழித்துச் செய்வது, பாவம், அந்தப் பக்கமே போகாதே என்கிறார். யார் சொல்வது சரி? நான் கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகனை. அதனால்தான் பயம் கூடுதலாக இருக்கிறது.

பவானி நர்சம்மா:

கண்ணு, முதலில் நிம்மதியாகத் தூங்கு. அந்தப் பெண் சொன்னது விற்பனைப் பேச்சு.

நான் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கொடி ரத்தம் எடுப்பதை எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குழந்தை வெளியே வந்ததும் கொடியில் கிளிப் போட்டு வெட்டுவார்கள். கருப்பையில் ஒட்டியிருக்கும் நஞ்சுப் பக்கம் இருக்கும் கொடியின் ரத்தக் குழாயில் ஊசியைக் குத்தி, பையைத் தாழப் பிடித்தால் ரத்தம் தானாக இறங்கும். உறையாமல் இருக்கப் பையில் மருந்து இருக்கும், அதோடு கலக்கும்படி பையை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தாய்க்கும் வலியில்லை, பிள்ளைக்கும் வலியில்லை.

ஆனால் அந்த ரத்தம் யாருடையது என்று பார். பிறந்த பிள்ளையின் கொடியை விரலால் தொட்டால் நாடி துடிப்பது தெரியும். நீலம் பாய்ந்து தடித்து இருக்கும். நாம் வெட்டாமல் காத்திருந்தால், சில நிமிடத்தில் துடிப்பு குறைந்து, கொடி வெளுத்துத் தொய்ந்துவிடும். அதற்குள் நஞ்சில் இருந்த ரத்தம் பிள்ளைக்குள் போயிருக்கும். முதல் நிமிடத்திலேயே சுமார் 80 மில்லி போகும். மூன்று கிலோப் பிள்ளைக்கு அது சின்ன அளவில்லை. அதிலுள்ள இரும்புச்சத்துதான் முதல் ஆறு மாதத்துக்குக் கை கொடுக்கும். உலக சுகாதார நிறுவனமும் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருக்கச் சொல்கிறது. சில பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை கொஞ்சம் கூடலாம், விளக்கு வெளிச்சத்தில் வைத்தால் சரியாகும். நம் நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழே நூற்றுக்கு 67 பிள்ளைகளுக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் வந்தது. பை நிறைய வேண்டும் என்றால் சீக்கிரம் வெட்ட வேண்டியிருக்கும். பிள்ளைக்குப் போக வேண்டியது பைக்குப் போகும். இதை அவர்கள் புத்தகத்தில் தேடிப் பார், இருக்காது.

நான் வேலை பார்த்த ஒரு தனியார் மருத்துவமனையில், கையெழுத்து வாங்கித் தந்தால் எங்களுக்கு ஆளுக்கு ஒரு தொகை தந்தார்கள். நானும் ஒரு முறை வாங்கினேன். அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் கூலிக்குப் போகிறவர் என்று பிறகு தெரிந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் அவர்கள் கட்டிய தவணையை என்னால் திருப்ப முடியவில்லை. இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

தாயத்து விஷயம்: கட்டிக்கொள், அது நம் வழக்கம். ஆனால் அது வைப்பு நிதி இல்லை. காய்ந்து விழுந்த கொடியில் உயிருள்ள செல் ஒன்றுகூட இருக்காது. செல் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறைய வைக்க வேண்டும்.

மேட்டுப்பாளையம் அப்பா:

நர்சம்மா சொன்னதோடு என் அனுபவத்தையும் சொல்கிறேன். மூத்த பையன் பிறந்தபோது நான் கடன் வாங்கிக் கட்டினேன். இதே பேச்சு, இதே பயம். பையனுக்கு ஏழு மாதத்தில் முகம் வெளுத்துப் போனது. சோதித்தால் தலசீமியா மேஜர், உடம்பு தேவையான ரத்தத்தைச் சரியாக உண்டாக்காத நோய். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும், உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றத் தனியாக மாத்திரை.

சேமித்த ரத்தம் இருக்கிறதே என்று ஓடினேன். டாக்டர் என்னை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்: “இது மரபணுவில் வந்த நோய். இவன் கொடி ரத்தத்திலும் அதே கோளாறுதான் இருக்கும். அவன் ரத்தத்தை அவனுக்கே கொடுத்துப் பயனில்லை.” இதை எனக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால்! ரத்தப் புற்றுநோயிலும் பெரும்பாலும் இதே கதைதான், நோயின் விதை பிறக்கும்போதே அந்த ரத்தத்தில் இருந்திருக்கலாம் என்பதால் சொந்த ரத்தத்தைக் கொடுக்க யோசிப்பார்கள்.

அவனைக் காப்பாற்றியது தங்கச்சி. கூடப்பிறந்தவர்களுக்கு முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். அவள் பொருந்தினாள். அவள் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து அவனுக்கு ஏற்றினார்கள். இப்போது ஒன்பதாவது படிக்கிறான், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறான்.

அதனால் கொடி ரத்தமே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 1988இல் பாரிஸில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ஏற்றியதே தங்கையின் கொடி ரத்தம்தான். வீட்டில் ஏற்கெனவே இப்படி நோயுள்ள பிள்ளை இருந்து, அடுத்த பிள்ளை பிறக்கிறது என்றால் சேமிப்பதில் அர்த்தம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. தனக்கே பிற்காலத்தில் உதவும் என்று சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்றும் அதில் இருக்கிறது.

தங்கச்சி, நீங்கள் அத்தை மகனைக் கட்டியிருக்கிறீர்கள் என்றால் 60,000 வேண்டாம், தலசீமியா கூறு உடம்பில் மறைந்திருக்கிறதா என்று காட்டும் எச்பி ஏ2 என்ற ரத்தச் சோதனை ஒன்று செய்துவிடுங்கள். ஓரிரு ஆயிரத்துக்குள் முடியும். நாங்களும் மாமன் மகள், அத்தை மகன்தான். இருவருக்கும் அந்தக் கூறு இருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாலேயே செய்ய வேண்டிய சோதனை அது.

திருப்பூர் பனியன்:

நான் கட்டியிருக்கிறேன். சொந்த ரத்தம் மட்டுமில்லை, இப்போது பொதுத் தொகுப்பு முறை வந்திருக்கிறது. எல்லோரும் சேமிப்பதில் பொருந்துவது யாருடையதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

பவானி நர்சம்மா:

தம்பி, தொகுப்பு என்ற எண்ணத்தில் தப்பில்லை. ஆனால் கட்டியவர்களுக்கு மட்டும் திறக்கிற கதவு அது. ஒரு பையில் வருகிற செல் பெரும்பாலும் பெரியவர்கள் எடைக்குப் போதாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தவணை நின்றால் அந்தப் பை என்ன ஆகும், கம்பெனியை மூடினால் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் படித்துப் பார்த்தீர்களா? 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சை உருட்டிக் கொடுத்து, ஸ்டெம் செல் கொடையாளர் பட்டியலில் காசில்லாமல் பதியலாம். சென்னையில் தாத்ரி என்ற பட்டியல் இருக்கிறது. என் மகன் பதிந்திருக்கிறான்.

தாராபுரம் விலங்கியல் டீச்சர்:

பெரியம்மா சொன்னதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அவர் கவலை வெறும் பயமில்லை.

கொடி ரத்தம் எடுப்பதில் எந்தக் கருவும் அழிவதில்லை. பெரியம்மா கேள்விப்பட்டது கருமுளை ஸ்டெம் செல். 1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து அதை முதலில் பிரித்தெடுத்தார். செயற்கைக் கருத்தரிப்பில் மீந்த, ஐந்து நாள் வயதுள்ள கருவிலிருந்து எடுப்பது. அப்போது அந்தக் கரு அழியத்தான் செய்கிறது. அதை உயிர் என்று நினைப்பவர்களுக்கு அது கொலை, இன்னும் கருப்பைக்கே போகாத செல்கூட்டம் என்பவர்களுக்கு ஆராய்ச்சி. நம் நாட்டில் தம்பதியின் சம்மதமும் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுக்களின் அனுமதியும் வேண்டும், ஆய்வகத்தில் 14 நாளுக்கு மேல் கருவை வளர்க்கக் கூடாது. ஜப்பானின் யமனக்கா 2006இல் எலியின் செல்லையும், அடுத்த ஆண்டே மனிதத் தோல் செல்லையும் கருச்செல் போல மாற்றிக் காட்டினார். 2012இல் நோபல் கிடைத்தது. கருவைத் தொடாமலே செய்ய அப்படி ஒரு வழி பிறந்தது.

நான் அதிகம் கவலைப்படுவது வேறு இடத்தில். 2022இல் ஈரோட்டில் கருமுட்டை விற்பனை வழக்கு வந்தது நினைவிருக்கும். கருமுட்டை தருகிறவருக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறை என்று செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021 சட்டம் சொன்ன பிறகும், ஒரு சிறுமியின் உடம்பை வைத்துக் காசு பார்த்தார்கள். அறம் பேசுகிறோம் என்றால் அந்தப் பிள்ளையிடமிருந்துதான் தொடங்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவருக்கு எதற்குப் போடுகிறோம் என்று புரிந்ததா? மடியில் விளம்பரப் புத்தகத்தை வைத்துப் பயமுறுத்தி வாங்குவதும் புரிந்த சம்மதம் ஆகாது. ரத்த நோய்கள் தவிர, ஆட்டிசம், சர்க்கரை, மூளை முடக்குவாதம் என்று எதற்காவது ஸ்டெம் செல்லைக் காசு வாங்கிக்கொண்டு ஏற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அவையெல்லாம் ஆராய்ச்சி நிலைதான், ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது.

கோபி மருமகள்:

எல்லோருக்கும் நன்றிங்க. இதையெல்லாம் வீட்டுக்காரருக்கும் மாமனாருக்கும் வாசித்துக் காட்டினேன். மாமனார் அமைதியாகக் கேட்டுவிட்டு, “மஞ்சள் இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னார். எச்பி ஏ2 சோதனை செய்துவிட்டேன், 2.6 வந்திருக்கிறது. எனக்கு அந்தக் கூறு இல்லை, இருவருக்கும் இருந்தால்தான் பிள்ளைக்கு அந்த நோய் வரும், அதனால் இவருக்குப் பார்க்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னார். கொடியை வெட்டாமல் ஒரு நிமிடம் காத்திருக்க முடியுமா என்று கேட்டேன். குழந்தை நன்றாக அழுதால் தாராளமாக என்று சொல்லி, என் கோப்பிலேயே எழுதிக்கொண்டார்.

அந்த அக்கா இன்று காலையில் போன் செய்தார். வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டேன். அத்தை கடைவீதியில் வெள்ளித் தாயத்துக்குச் சொல்லியிருக்கிறார், அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.