இடைக்காலப் பகுப்பாய்வா, இடைநோக்கா?

அன்புள்ள குழுவினருக்கு,

மருந்தாய்வு ஒன்றின் நெறிமுறைச் சுருக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். பாதிப் பேரின் முடிவுகள் வந்ததும் தரவைத் திறந்து, ஆய்வைத் தொடர்வதா நிறுத்துவதா என்று தீர்மானிக்கும் கட்டத்தை எல்லோரும் 'இடைக்காலப் பகுப்பாய்வு' என்றே எழுதுகிறார்கள். இடைக்காலத் தடை, இடைக்கால அரசு என்பவற்றில் 'வேறொன்று வரும்வரை' என்னும் பொருள் இருக்கிறது. இங்கோ ஆய்வே அத்துடன் முடிந்துவிடலாம். ஆகவே 'இடைநோக்கு' என்று முன்மொழிகிறேன்.

அம்மா,

முழுமனத்துடன் ஏற்கிறேன். கேட்பவரை மீண்டும் நோக்கவைக்கும் செய்யுளுறுப்புக்குத் தொல்காப்பியம் இட்ட பெயரும் 'நோக்கு' தான். புள்ளியியலில், தரவைத் திறந்து பார்க்கும் ஒவ்வொரு நோக்குக்கும் விலை உண்டு. பயனே இல்லாத மருந்தை, ஒவ்வொரு முறையும் தற்செயலால் தவறுவதற்கு 5% வரம்பு வைத்து ஐந்து முறை சோதித்தால், ஏதேனும் ஒரு முறை வேறுபாடு உண்டென்று தவறாக முடிவுகட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 14% ஆகிவிடும். அதனால்தான் புள்ளியியலாளர் போக்காக் 1977-இல் ஐந்து நோக்குக்கும் வரம்பை 0.0158 (அதாவது 1.58%) என்று இறுக்கினார்; ஓ'பிரையனும் பிளெமிங்கும் 1979-இல் தொடக்க நோக்குகளின் வரம்பை மிகக் கடுமையாக்கி, கடைசி நோக்கை ஏறக்குறைய வழக்கமான வரம்பிலேயே விட்டார்கள். 80% திறனுக்கு (உண்மையில் பயன் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) முன்னதில் உச்சக் கூறளவு, அதாவது ஆய்வுக்கு அதிகபட்சம் தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை, ஒரே முறை சோதிப்பதைவிடச் சுமார் 23% கூடும்; பின்னதில் சுமார் 3% தான். எத்தனை நோக்கு என்பதை முன்பே எண்ணிச் சொன்னால்தான் கூறளவைத் திட்டமிட முடியும் என்பதால், எண்ணுவதற்கு வாகான குறுஞ்சொல்லே வேண்டும்.

ஐயா,

'கூறளவு' இருக்கட்டும், சந்தையில் மீனைக் கூறுகட்டி வைப்பதைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். 'இடைநோக்கு' என்றாலோ என்னிடம் வரும் நோயாளிகள் உள்நோக்கம் என்றுதான் கேட்பார்கள். நம்பிக்கையே அடிப்படையான இடத்தில் அந்த ஐயத்துக்கு இடம் தரக் கூடாது. தனிமடலில் ஒருவர் சொன்ன 'இடைச்சோதனை' இன்னும் மோசம். மறுபடியும் இரத்தம் எடுப்பார்கள் என்று அஞ்சுவார்கள். காலத்தை மட்டும் நீக்கி 'இடைப் பகுப்பாய்வு' என்போம்.

அன்பர்களே,

பெரும்பாலோர் 'இடைப் பகுப்பாய்வு' என்பதற்கே இசைந்திருப்பதால் சுருக்கத்தில் அதையே எழுதுகிறேன். நோயாளிக்குத் தரும் தாளில் கலைச்சொல்லே இல்லாமல், 'ஆய்வு முடியும் முன்பே ஒரு முறை கணக்குப் பார்ப்போம்' என்று விளக்கியிருக்கிறேன். சொற்பட்டியலில் மட்டும் 'இடைநோக்கு' அடுத்த வரியில் நிற்கிறது. அதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை.