மிரிஸ்ஸால திமிங்கலம் பாக்கப் போறது தப்பா?

மிதவை:
ஜனவரில இலங்கை போறோம், மிரிஸ்ஸால போட் ஏறி நீலத் திமிங்கலம் பாக்கணும்னு வீட்ல எல்லாருக்கும் ஆசை. நேத்து ஒரு வீடியோ பாத்தேன், ஒரே ஒரு திமிங்கலம், அதச் சுத்தி ஏழெட்டு போட், அது மூச்சு விட மேல வர்றப்பல்லாம் அத்தனையும் அது பக்கம் பாயுது. பாத்ததுல இருந்து ஒரு மாதிரியா இருக்கு. இதுக்கு காசு குடுத்துப் போகணுமா? நான் போகலன்னா மட்டும் என்ன மாறப் போகுது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தெற்குக்காத்து:
நீங்க பாத்தது பொய்யில்ல, சீசன் நேரம் அப்பிடித்தான் நடக்குது. ஆனா அதுகளைக் கொல்லுறது பெரிய கப்பல்கள். இலங்கையின்ர தெற்கு நுனியான தெவுந்தர முனைக்குத் தெற்கால போற கப்பல் பாதை உலகத்திலயே பிஸியான பாதைகளில ஒண்டு, கரையில இருந்து கொஞ்சத் தூரத்திலயே கடல் ஆழமாகிடும், திமிங்கிலம் இரை எடுக்கிற இடமும் அதுதான், கப்பல் போற இடமும் அதுதான். மற்றக் கடல்களில நீலத் திமிங்கிலம் துருவப் பக்கம் போய் வரும், இஞ்ச உள்ளதுகள் வருசம் முழுக்க வட இந்து சமுத்திரத்தை விட்டுப் போறேல்ல, அதால இதுகளுக்கு ஓய்வு மாசம் எண்டு ஒண்டு இல்ல. 2012ல கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த கொண்டெய்னர் கப்பலின்ர முனையில செத்த திமிங்கிலம் ஒண்டு மடிஞ்சு கிடந்தது, அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கோ. பாதையை ஒரு 15 கடல் மைல் தெற்கால தள்ளினா மோதுற ஆபத்து 95 சதவீதம் வரைக்கும் குறையும் எண்டு கணக்குப் போட்டிருக்கினம். எம்எஸ்சி எண்ட பெரிய கப்பல் கம்பனி 2022ல தானாவே தன்ர கப்பல்களைத் தள்ளி விட்டுது. ஒரு கம்பனி செய்யலாமெண்டா மற்றவைக்கு என்ன கேடு எண்டு விளங்கேல்ல.

அலைமேல்:
கப்பல் விஷயம் சரி, அதுக்காக போட்காரங்கள சும்மா விட்டுற முடியாதுங்க. துரத்துனா திமிங்கலம் சரியா மூச்சு எடுக்காமலே திரும்ப முங்கிடும், இரை எடுக்குறதும் கெடும், நாள் பூரா இதே கதைன்னா என்னாகும்? ஹவாய்ல சுழலும் டால்பின்னு ஒரு வகை, ராத்திரி முழுக்க ஆழ்கடல்ல வேட்டையாடிட்டு பகல்ல விரிகுடாவுல வந்து ஓய்வெடுக்கும், நம்மாளுங்க சரியா அந்த நேரம் பாத்துதான் கூட நீந்துறேன்னு குதிப்பாங்க. 2021ல இருந்து 50 கெஜத்துக்குள்ள யாரும் போகக்கூடாதுன்னு அங்க சட்டம். ஸ்பெயினோட கேனரி தீவுகள்ல 2002ல சோனார், அதாவது தண்ணிக்குள்ள ஒலி அனுப்பித் தேடுற கருவி, வச்சு கடற்படைப் பயிற்சி நடந்தப்ப அலகுத் திமிங்கலங்க கூட்டமா கரை ஒதுங்குச்சு, 2004ல ஸ்பெயின் அங்க சோனாரத் தடை பண்ணுச்சு, அதுக்கப்புறம் அந்த மாதிரி கூட்டமா ஒதுங்குறது நின்னே போச்சு. ஒழுங்கா கட்டுப்பாடு போட்டா பலன் இருக்கு, யாரும் போடாததுதான் பிரச்சினை.

வலைக்காரன் மகன்:
எல்லாரும் போட்டு கப்பலுன்னு பேசுறீங்க, வலையப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கல. இந்தியப் பெருங்கடல்ல டூனா மீனுக்கு விடுற செவுள் வலையில (மீனோட செவுள் சிக்குற மாதிரி தண்ணில நிக்கிற வலை) 1950ல இருந்து 2018 வரைக்கும் சுமார் 41 லட்சம் டால்பின், சின்னத் திமிங்கலம் மாட்டியிருக்கும்னு ஒரு ஆய்வு மதிப்பீடு சொல்லுது. நாங்க வேணும்னு பிடிக்கிறதில்லைங்க, ஓங்கல், அதான் டால்பின், மாட்டுனா வலையும் கிழிஞ்சு நாசமாப் போயிரும், யாருக்கு லாபம்? பாகிஸ்தான் பக்கம் வலைய மேல்மட்டத்துல இருந்து ரெண்டு மீட்டர் கீழ இறக்கி விட்டுப் பாத்தாங்க, மாட்டுறது நல்லாவே குறைஞ்சிருக்கு. அந்த மாதிரி எதையாவது எங்க படகுல வந்து சொல்லிக் குடுங்க, ஏசி ரூம்ல உக்காந்து தடை தடைன்னா எவன் கேப்பான்.

மிதவை:
இவ்ளோ விஷயம் இருக்கும்னு நினைக்கல. சரி, போறதுன்னா எந்த போட்ட எடுக்கிறது? இல்ல திருகோணமலைப் பக்கம் போகலாமா, அங்க கூட்டம் கம்மின்னாங்களே?

தெற்குக்காத்து:
ஜனவரியில திருகோணமலைக் கடல் சரிவராது, அங்க சீசன் அதுக்குப் பிறகுதான். மிரிஸ்ஸயில காசு குடுக்க முதல் மூண்டு நாலு கேள்வி கேளுங்கோ: லைசன்ஸ் இருக்கோ, 100 மீட்டருக்கு அங்கால நிப்பாட்டுவியளோ, முன்னுக்குப் போய் மறிக்காம பக்கத்தால மெதுவாப் போவியளோ, ஏற்கனவே ரெண்டு மூண்டு போட் நிண்டா ஒதுங்கி நிப்பியளோ எண்டு. "கிட்டக் கொண்டு போய்க் காட்டுறன், இல்லாட்டிக் காசு திருப்பித் தாறன்" எண்டு சொல்லுறவன்ர போட்டில ஏறாதேங்கோ, அவன் கட்டாயம் துரத்துவான். பிறகு வாந்திக் குளிசையை முதலே போடுங்கோ, வெளிக்கடலுக்குப் போன பிறகு போட்டுப் பிரயோசனம் இல்ல.